தப்பு யாருதுன்னு கேக்காத பாலிசி

இல்லம்மா, நான் கேக்குறது ஒண்ணு, நீங்க குடுக்குறது ஒண்ணா இருக்கு. என் ஸ்டோர்ல கண்ணாடின்னு இருக்குறது ஒண்ணே ஒண்ணுதான், நான் சவரம் பண்றது. அதுக்குப் போய் கண்ணாடி ஒடஞ்சா காசு தர்ற இன்சூரன்ஸ எடுன்னா எப்படிலா. பேக்கேஜ்தான், தெரியுது. பத்து ஐட்டமும் சேந்துதான் வரும், பிரிச்சுத் தரமாட்டாங்க. சரி, அது இருந்துட்டுப் போகட்டும். அடுத்து என்னா, நெருப்பா? உள்ளுக்கு வந்தப்ப பாத்தீங்கள்ல, இரும்புப் பைப்பு, பிளாஸ்டிக் நாக்காலி, மேசை. துணி இருக்குதான், வாடகைக்கு விடுற கேனப்பிப் பந்தலோட துணி எரியும், ஒத்துக்கிறேன். போடுங்க. வேலைக்காரன் திருடுனாவா? யாரு, இம்ரானா? அந்தா லோரிக்கு அடியில படுத்திருக்கான் பாருங்க, காலு மட்டும் தெரியுது. பதினோரு வருசமா ஸ்டோர் சாவி அவன்கிட்டதான் இருக்கு, என்கிட்டயே இல்ல. அத வெட்டுங்க. அதையும் வெட்ட முடியாதா. பேக்கேஜ். சரி.

கோவப்படல தங்கச்சி. என் பேச்சே அப்படித்தான், வீட்டுல கேட்டா சொல்வாங்க. உங்க பேரு என்னா சொன்னீங்க, தேன்மொழி. பேருக்கேத்த மாதிரி நீங்க மெதுவா பேசுறீங்க, நான் ஒருத்தன் கத்திக்கிட்டு கெடக்கேன். கேளுங்க, நான் போன்லயே என்ன சொன்னேன்? நம்ம கேனப்பிக்கு அடியில நிக்கிற ஆளுக்கு அடி பட்டா, அந்த ஆளு கைக்கு காசு போய்ச் சேரணும். யாரு தப்பு, எவன் தப்புன்னு ஒரு வார்த்த கேக்கக் கூடாது. அடி பட்டுச்சா, இந்தா காசு. அப்படி ஒரு பாலிசி வேணும். மத்த ஒம்பதையும் நீங்க இஷ்டத்துக்குப் போட்டுக்குங்க.

பப்ளிக் லயபிலிட்டியா. அத எனக்கு சொல்லித் தர்றீங்களா. ஒம்பது வருசம் கட்டியிருக்கேன்மா. தங்கராஜுன்னு ஒரு ஏஜெண்டு, உங்கள மாதிரிதான், பேக் எல்லாம் மாட்டிக்கிட்டு வந்தான். அண்ணே, இந்த ஒரு பேப்பர் போதும், பந்தல் யாரு தலையில விழுந்தாலும் கம்பெனி பாத்துக்கும்னான். நானும் நம்பி வருசா வருசம் கட்டுனேன். இப்ப அவன் கோலாலம்பூர்ல வீடு விக்கிறான், போன் எடுக்குறதில்ல.

கம்பெனிய ஏன் மாத்துறீங்கன்னு கேட்டீங்கள்ல. நான் மாத்தல. அவங்க வேணாம்னு லெட்டர் போட்டுட்டாங்க. இந்த மாசக் கடைசியோட முடியுது. பாலிசி காப்பி காட்டலன்னா மண்டபத்துக்காரன் கேட்டத் தொறக்க மாட்டான். அடுத்த மாசம் நாலு கல்யாணம் ஒத்துக்கிட்டு இருக்கேன். அதனாலதான் உங்கள வரச் சொன்னது, உங்க முகத்தப் பாக்க இல்ல.

ஆமா, அதையும் எழுதணும். மூணு வருசத்துல கிளெய்ம் உண்டா. உண்டு. டிக் பண்ணுங்க. என்ன நடந்துச்சுன்னா, போன வருசம் ஆடி மாசம், இந்த ரோட்டு முனையில இருக்கே மாரியம்மன் கோயில், அங்க அன்னதானம். வருசா வருசம் கேனப்பி நம்மளுதுதான். பக்கத்துல கார் நிறுத்துற எடத்துல போடுவோம். தார் போட்ட தரை, ஆணி அடிக்க முடியாது. அதனால கேனப்பிக் காலுக்கு ஒரு நீல டிரம் கட்டி தண்ணி நிரப்பி வைக்கிறது. அந்தத் தண்ணி வெயிட்டுலதான் கேனப்பி நிக்கும். காலைல பத்து மணி இருக்கும். சுமத்ரா பக்கமிருந்து அடிக்கும்ல ஒரு காத்து, முன்னாடி சத்தம் வரும், பின்னாடி மழை வரும், அது வந்துச்சு. ஜெலுத்தோங் பக்கம் மரமே சாஞ்சுது அன்னைக்கு. நம்ம கேனப்பி ஒண்ணு அப்படியே எழும்பி, திரும்பி, படுத்துருச்சு.

எல்லாரும் ஓடிட்டாங்க. குமுதாக்கா மட்டும் ஓடல. சாம்பார் அண்டா பக்கத்துல நின்னு ஊத்திக்கிட்டு இருந்துச்சு. அண்டா கவுந்தா வரிசையில நிக்கிற பிள்ளைங்க மேல கொதிக்கக் கொதிக்க ஊத்தும். அத ரெண்டு கையாலயும் புடிச்சிக்கிட்டு நின்னுச்சு. பைப்பு வந்து இடுப்புல விழுந்துச்சு.

உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும் அந்த அக்காவ, இந்தப் பக்கம் வந்திருந்தீங்கன்னா. மோட்டார் சைக்கிள்ல பின்னாடி பெட்டி கட்டி இடியாப்பம் விக்கும். விடியறதுக்குள்ள அவிச்சு, ஏழு மணிக்கெல்லாம் தெரு தெருவா வந்துரும். புருசன் இல்ல. ஒரு மகள், சுபாஷினி, கெலுகோர்ல யுனிவர்சிட்டில படிக்குது. அந்த மோட்டார்தான் அந்த வீட்டுக்கு எல்லாம். இப்ப இடுப்புல தகடு வச்சிருக்கு, முதுகுல ஒரு எலும்பு நசுங்கிப் போச்சு. இன்னும் ஒரு ஓப்பரேஷன் பாக்கி. மோட்டார்ல இனி ஒக்கார முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. சொந்த யாவாரம்தான, அடி பட்டா கவர்மெண்டு காசு தர்ற சொக்சோ எல்லாம் கட்டல. நாப்பத்தெட்டு வயசும்மா அதுக்கு, என்னைவிட ரெண்டு வயசுதான் கூட.

என்ன காரணம்னு கேட்டிருக்கா? டிரம்ல தண்ணி நிரப்பல. கவனக்குறைவு. அப்படியே எழுதுங்க. ஏன், பேனாவ கீழ வச்சிட்டீங்க. இப்படி எழுதுனா எந்தக் கம்பெனியும் எடுக்காதுன்னு எனக்கும் தெரியும். பழைய கம்பெனிக்கு அதத்தான் எழுதி சைன் போட்டுக் குடுத்திருக்கேன். இங்க ஒண்ணு, அங்க ஒண்ணுன்னு எழுதுனா நாளைக்கு ரெண்டு பேரும் பேசிக்குவாங்க, சூசா, பெரிய தொல்லையாப் போயிரும். எழுதுங்கம்மா. பலத்த காத்துன்னு மட்டும் எழுதலாமா? நீங்களும் ஆரம்பிச்சிட்டீங்களா.

இதுதான் எனக்கு ஆத்திரமே. அன்னைக்குலேருந்து எல்லாரும் என்னையே காப்பாத்துறாங்க. எனக்கு என்ன ஆச்சு? நான் நல்லாத்தான் இருக்கேன். இடுப்பு ஒடஞ்சது நானா?

மொத நாளு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். பழம் வாங்கிக்கிட்டு, ஹார்லிக்ஸ் வாங்கிக்கிட்டு. வேற எப்படிப் போவாங்க? அக்கா கட்டில்ல கெடக்கு. நான் காலப் புடிச்சிட்டு, அக்கா என் தப்புக்கா, நான் பாத்துக்குறேன்னு சொன்னேன். வாய்ல வர்ற வார்த்ததானம்மா அது, நம்ம ஆளுங்க யாரா இருந்தாலும் அதத்தான் சொல்லுவாங்க. அத தங்கராஜுக்கிட்ட சொன்னேன் பாருங்க, போன்லயே குதிக்கிறான். அண்ணே, பாலிசில போட்டிருக்கு, கம்பெனியக் கேக்காம தப்புன்னு ஒத்துக்கக் கூடாது, ஒத்துக்கிட்டா கவர் போயிரும், இனி ஆஸ்பத்திரிப் பக்கமே போகாதீங்கன்றான். போகாம இருக்க முடியுமா? ரெண்டு வாரம் போகலம்மா. அந்த ரெண்டு வாரம் இந்தத் தெருவுல தலை நிமிந்து நடக்க முடியல. பாசார்ல மீன்காரன் கூட கேக்குறான், என்னாண்ணே, அக்காவப் போய்ப் பாக்கலயான்னு.

அப்புறம் கம்பெனிக்காக விசாரிக்கிற அட்ஜஸ்டர் வந்தாரு. நல்ல மனுசன், குறை சொல்ல முடியாது. பில் எங்கன்னாரு. எந்த பில்லு? கோயிலுக்குக் கேனப்பி போட்டதுக்கு பில். கோயிலுக்கு எவனாவது பில் போடுவானா? எங்கப்பா சுப்பையா காலத்துலேருந்து ஆடி மாசம் அம்மனுக்கு நாங்க போடுறது ஓசிதான். பில் இல்லன்னா இது யாவாரமே இல்லையேன்னு யோசிக்கிறாரு. ஒரு வெள்ளி கூலி வாங்கியிருந்தாக்கூட போதுமாம். நல்ல வேளை, எந்தக் கேனப்பி எங்க போகுதுன்னு இம்ரான் ஒரு நோட்டுல எழுதுவான், அதக் காட்டி சமாளிச்சோம்.

அது முடிஞ்சதும் என் தோளத் தட்டி சொல்றாரு, மிஸ்டர் தயாளன், நீங்க கவலப்படாதீங்க, அன்னைக்கு அடிச்ச காத்து சாதாரணக் காத்து இல்ல, இது ஆக்ட் ஆஃப் காட், உங்க மேல தப்பே இல்லன்னு. சந்தோசம், அப்ப அக்காவுக்கு எப்ப காசு கிடைக்கும்னு கேட்டேன். என்னைய ஒரு மாதிரி பாத்தாரு. உங்க மேல தப்பு இல்லன்னா கம்பெனி எதுக்குக் குடுக்கணும்ன்றாரு. மறுபடி கேட்டேன், எனக்கு இங்கிலீஷ் கொஞ்சம் மட்டுதான். மலாய்ல கேட்டேன். ரெண்டு பாஷையிலயும் அதேதான். நான் தப்பு பண்ணியிருந்தா அக்காவுக்குக் காசு. நான் ஒழுங்கா இருந்திருந்தா அக்காவுக்கு ஒண்ணுமில்ல. அதுவும் அக்காவே வக்கீல் வச்சு என் மேல கேஸுன்னு லெட்டர் குடுத்தாத்தான் ஃபைலையே தொறப்பாங்க. இதுக்குத்தான் ஒம்பது வருசம் கட்டியிருக்கேன். இப்ப நீங்க நல்லா சொல்றீங்களே, இதான்ணே லயபிலிட்டின்றதுன்னு, இத அன்னைக்கு தங்கராஜு ஏன் சொல்லல?

நானே குடுத்திருக்கலாமேன்னா, குடுக்காம இருப்பேனா. மொத ஓப்பரேஷனுக்கு சாமான் வாங்கணும்னாங்க, குடுத்தேன். ஆனா வாழ்நாளுக்கும் ஒரு குடும்பத்துக்கு யாரு குடுக்க முடியும்? லோரிய வித்தாக்கூட ரெண்டு வருசம் ஓடும். அப்புறம் எனக்கும் தொழில் இல்ல, அக்காவுக்கும் வழி இல்ல.

அதனால போனேன். தங்கராஜு சொன்னத விட்டுட்டு நேரா அக்கா வீட்டுக்குப் போய், அக்கா, என் மேல கேஸ் போடுன்னு கேட்டேன். சிரிக்காதீங்க. ஒரு மனுசன் இன்னொருத்தர் வீட்டு வாசல்ல நின்னு என் மேல கேஸ் போடு, கேஸ் போடுன்னு கெஞ்சுனா எப்படி இருக்கும்? அது என்ன சொல்லுச்சு தெரியுமா. போடா தம்பி, அம்மனுக்கு ஓசியா போட்ட பந்தலுக்கு நான் கோர்ட்டுக்குப் போவேனா, எனக்கு விதிச்சது எனக்கு, காத்த யாரு புடிச்சி வைக்க முடியும்னுச்சு. பாருங்க, கம்பெனியும் சாமி செயல்ன்றான், அக்காவும் சாமி செயல்ன்னுது. ரெண்டு பேரும் ஒரே பேச்சு, நடுவுல நான் ஒருத்தன் பைத்தியக்காரன் மாதிரி.

அஞ்சு தடவ போயிருப்பேன். காசு என் பாக்கெட்டுலேருந்து வராதுக்கா, கம்பெனி காசுக்கா, மகள் படிப்ப நெனச்சுப் பாருன்னு சொல்லிப் பாத்தேன். கடைசி தடவ அதுக்குக் கோவமே வந்துருச்சு. நீ ஒழுங்கா போட்ட பந்தலுக்கு நான் பொய்க் கேஸ் போடவா, என்னைய என்னன்னு நெனச்சன்னு கேட்டுச்சு. சுவத்தப் புடிச்சிக்கிட்டே அடுப்படிக்குப் போய், எனக்கு பால் இல்லாத தே ஓ கலக்கிக் கொண்டாந்து குடுத்துச்சும்மா. ஒரு கையில சுவரு, ஒரு கையில கிளாஸு, பாதி கீழ ஊத்திருச்சு. என்னால அந்தத் தண்ணிய குடிக்க முடியல.

அப்பத்தான் சொன்னேன். அக்கா, நான் ஒழுங்கா போடல. டிரம் எல்லாம் கோசோங், ஒரு சொட்டு தண்ணி இல்ல. அன்னைக்கு ரெண்டு எடத்துல வேலை, அவசரம், ஓசிப் பந்தல்தானன்னு விட்டுட்டேன்க்கா, அப்படின்னேன்.

ஓசிப் பந்தல்தானன்னா விட்டன்னு ஒரு தடவ கேட்டுச்சு. ஆமான்னேன். கட்டிலுக்குப் போய் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிச்சு. மகள் வந்து, அங்கிள், நீங்க போங்கன்னு சொல்லுச்சு.

பொங்கல் முடிஞ்சு வக்கீல் லெட்டர் வந்துருச்சு. அட்ஜஸ்டர் மறுபடி வந்தாரு, இந்தத் தடவ தோளத் தட்டல. எழுதிக் குடுத்தேன், சைன் போட்டேன். காசு குடுக்குறதுன்னு கம்பெனி முடிவு பண்ணிருச்சு, எவ்வளவுன்னு வக்கீலுங்க பேசிக்கிட்டு இருக்காங்க, நல்லாவே வரும்னு அந்த வக்கீலம்மா சொல்லியிருக்காங்களாம். அதுவும் மகள் சொல்லி வரல, தெருவுல பேசி என் காதுக்கு வந்துச்சு. அக்கா எங்கிட்ட பேசி மூணு மாசம் ஆச்சு. கோயில் கமிட்டில இந்த ஆடிக்கு சிம்பாங் அம்பாட்லேருந்து வேற ஆள வச்சுக்கிறாங்களாம். காசுக்கு. எனக்கு அது மட்டும்தான்மா தாங்கல. என் வீட்டுக்காரி மோகனா, அவளுக்கு கோயிலுக்குப் போக வெக்கமா இருக்காம், கெலுகோர் கோயிலுக்கு பஸ் ஏறிப் போறா.

சரி, அது கெடக்கட்டும். இப்ப சொல்லுங்க, நான் கேட்டது இருக்கா இல்லையா. பெர்சனல் ஆக்சிடெண்டா? தப்பு யாருதுன்னு கேக்காதா? அடி பட்டாலே காசா? இத மொதல்லயே சொல்ல வேண்டியதுதானம்மா, ஒரு மணி நேரமா கண்ணாடியப் பத்தி பேசிக்கிட்டு. குடுங்க பாப்போம். எத்தன பேருன்னு எழுதணுமா? அன்னதானத்துல தலைய எண்ணுவாங்களா? எண்ணவே கூடாதுன்னு எங்க அம்மா கரண்டியால அடிப்பாங்க. குத்துமதிப்பா சொல்லலாமா. அப்ப ஐநூறுன்னு போடுங்க. எழுவது வயசுக்கு மேல கிடையாதா? போச்சு. அன்னதானத்துக்கு வர்றதே பாதி அவங்கதான். மீதி பாதிக்குப் போடுங்க, எழுவதத் தாண்டுனவங்கள நான் தூண் பக்கம் ஒக்கார விடாம பாத்துக்குறேன். வெல கூடத்தான், பரவால்ல. கல்யாண வேலைக்குத் தனியா, கோயில் வேலைக்குத் தனியான்னு வேணாம், எல்லாத்துக்கும் போடுங்க.

கடைசிக் கேள்வியா, படிங்க. திரும்ப நடக்காம இருக்க என்ன ஏற்பாடு செஞ்சிருக்கீங்க. ம். எழுதுங்க, இனிமே எல்லா டிரம்லயும் தண்ணி நிரப்பி, ஓனர் நேரடியாப் பாப்பாருன்னு. வேற என்னத்த எழுதுறது, எனக்குத் தெரியல. அன்னைக்கும் நிரப்பித்தான் இருந்துச்சு. காலைல அஞ்சு மணிக்கு நானும் இம்ரானும் கோயில் குழாய்ல ஹோஸ் போட்டு, எட்டு டிரம்மும் வாய் வரைக்கும். டிரம்மோட சேத்துத் தூக்குச்சும்மா அந்தக் காத்து. அப்புறம் எல்லாம் கவுந்து, மழையும் பேஞ்சு, எதுல தண்ணி இருந்துச்சு எதுல இல்லன்னு எவன் பாத்தான்.

இல்ல, அத எழுதாதீங்க. நான் முன்ன சொன்னதே இருக்கட்டும். இம்ரான்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன், அவன் வாயத் தொறக்க மாட்டான். அக்காவுக்குத் தெரிஞ்சா நாளைக்கே போய் கேஸ வாபஸ் வாங்கிரும். காசு கைக்கு வந்து பத்து வருசம் கழிச்சு சொன்னாலும் கொண்டு போய் திருப்பிக் குடுத்துரும், அந்த மாதிரி மனுசி அது.